கண்காட்சி மோட்டாரும் ஏலக்காட்டு ஜீப்பும்

மனிதருக்கு வயதானால் மரியாதை ஏறுகிறதா, இறங்குகிறதா என்பது அவரவர் பென்ஷனைப் பொறுத்த விஷயம். மோட்டார் வண்டிகளின் கதையும் ஏறக்குறைய அப்படித்தான் என்பதைப் போடிநாயக்கனூரில் தெரிந்துகொண்டோம். ஐம்பது வயது நிறைந்த ஒரு வண்டிக்குச் சர்க்கார் தனி நம்பர் கொடுத்துச் சிறப்பிக்கிறது. அதே வயதுள்ள இன்னொரு வண்டியைப் பார்த்து, "நீ எப்போது ஒழிவாய்?" என்று கேட்கிறது. இந்த வித்தியாசத்தின் காரணத்தைச் சொல்லுமுன் கொஞ்சம் தொலைதூரம் போய் வரவேண்டியிருக்கிறது. நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் ஜே லெனோ என்ற பிரபல ஹாஸ்ய நடிகர் இருக்கிறார். பழைய மோட்டார்களைச் சேர்த்து வைப்பதில் அவருக்கு அபாரமான மோகம். 2025-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அவர் மாகாணச் சட்டசபையின் கமிட்டி ஒன்றின் முன் போய் உட்கார்ந்து சாட்சியம் சொன்னார். அன்று அவர் சிரிக்க வைக்க வரவில்லை. விலக்குக் கேட்க வந்திருந்தார். அந்த மாகாணத்தில் பெரும்பாலான கார்களை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். பழைய பெட்ரோல் கார்களில் 1975-ம் வருஷத்து மாடல் வரையில் உள்ளவற்றுக்கு மாத்திரம் விலக்கு உண்டு. அதற்குப் பிந்தியவை எத்தனை கிழடு தட்டினாலும் பரிசோதனைக்கு வந்தே தீரவேண்டும். இதை மாற்றி, முப்பத்தைந்து வயதான சேகரிப்பு வண்டிகளுக்கு விலக்கு அளிக்கவேண்டும் என்று ஷானன் குரோவ் என்ற அம்மையார் மேல்சபையில் ஒரு மசோதா கொண்டுவந்தார். அதற்கு ஜனங்கள் 'லெனோ சட்டம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மேல்சபையில் அது தேறிவிட்டது. கீழ்ச்சபையின் நிதிக் கமிட்டியில் ஆகஸ்டு மாதம் அப்படியே நிறுத்தி வைக்கப்பட்டது. காற்றைக் காக்க வேண்டும் என்பவர்கள் சொன்ன ஆக்ஷேபணை எளிதானது: பழைய வண்டிகள் எண்ணிக்கையில் கொஞ்சமானாலும், ஒவ்வொரு மைலுக்கும் அவை விடுகிற விஷம் புதிய வண்டியைவிடப் பல மடங்கு.

இங்கிலாந்தில் இந்த வழக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது. நாற்பது வயது கடந்து, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத வண்டிக்கு 2018-ம் வருஷம் மே மாதத்திலிருந்து வருஷாந்தரப் பரிசோதனையே கட்டாயமில்லை.

நம்முடைய தேசத்துப் பழங்கார் அபிமானிகளும் சும்மா இருக்கவில்லை. டில்லிப் பிரதேசத்தில் பதினைந்து வருஷத்துக்கு மேற்பட்ட வண்டி ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2014-ம் வருஷம் நவம்பரில் உத்தரவு போட்டது. மறு வருஷம் டீஸல் வண்டிக்குப் பத்தே வருஷம் என்றது. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. 1964 முதல் அந்நகரில் பழங்கார் ஊர்வலம் நடந்து வருகிறது. ராஜாக்களும் திவான்களும் ஏறிய ரதங்களை வைத்திருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! பிறகு 2021 பட்ஜெட்டில், பழைய வண்டிகளைப் பரிசோதித்துத் தேறாதவற்றை உடைத்துவிடும் திட்டம் பிரஸ்தாபிக்கப்பட்டது. பழங்கார்ச் சங்கத்தார் டில்லிக்கு மகஜர்கள் அனுப்பினார்கள். பட்ஜெட்டுக்கு முன்பே மந்திரி காரியாலயம் நகல் விதிகளை வெளியிட்டு அபிப்பிராயம் கேட்டபோது அபிப்பிராயமும் சொன்னார்கள். பலன் கிடைத்தது. 2021-ம் வருஷம் ஜூலையில் மத்திய சர்க்கார் 'விண்டேஜ்' வண்டிகளுக்கென்று தனி விதிகள் செய்தது.

அந்த விதிகள் அடியோடு தப்பு என்று நாம் சொல்ல மாட்டோம். உண்மையில் அவற்றில் ஒரு நேர்மையான பேரம் இருக்கிறது. முதற் பதிவிலிருந்து ஐம்பது வருஷம் கடந்திருக்க வேண்டும். சட்டகம், மேற்கூடு, எஞ்சின் ஆகியவை பெரிய மாறுதல் இன்றி மூல ரூபத்தில் இருக்க வேண்டும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து வருஷத்துக்குச் செல்லும். புதிதாகப் பதிவாகும் வண்டியின் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துக்கள் இடம் பெறும். இவ்வளவுக்கும் பதிலாக, உடையவர் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். கண்காட்சி, ஊர்வலம், ஆராய்ச்சி, பழுது பார்த்தல், எண்ணெய் போடுதல் ஆகிய காரியங்களுக்குத் தவிர வண்டியை ரஸ்தாவில் ஓட்டக் கூடாது. அன்றாடப் போக்குவரத்தும் கூடாது, வாடகைக்கு விடுவதும் கூடாது. 1966-ல் ஏற்பட்ட சர்வதேசப் பழமோட்டார்ச் சம்மேளனமும் தன் இலக்கணத்தில் இதையே சொல்கிறது: தினசரிப் பிரயாணத்துக்கு உபயோகப்படாததே சரித்திர வண்டி. வருஷத்தில் பத்து நாள் வெளியே வரும் கிழவருடைய சுருட்டுப் புகைக்காக ஊரார் கோபித்துக்கொள்வதில்லை அல்லவா? அந்த மாதிரிதான்.

இதையெல்லாம் மனத்தில் போட்டுக்கொண்டுதான் நாம் போடிக்குப் போய் இறங்கினோம். ஏலத்தை ஏலம் போடும் ஊர் அது. வாசனைப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் ஏலம் இங்கேயும், மலைக்கு அப்பால் இடுக்கி ஜில்லாவில் புத்தடியிலும் நடக்கிறது. முன்னாளில் வியாபாரிகள் கூவிக் கேட்டார்கள். இப்போது கம்ப்யூட்டர் பொத்தானை அமுக்குகிறார்கள். அங்கேயுள்ள சிநேகிதர் ஒருவர், "காய் விலை போவதை மத்தியானம் பார்க்கலாம். காய் எடுக்கப் போகிறவர்களைப் பார்க்க வேண்டுமானால் நாலரை மணிக்கு எழுந்திருக்க வேண்டும்" என்றார். எழுந்திருந்தோம்.

இன்னும் இருட்டு விலகவில்லை. தெருக்கோடியில் ஜீப்புகள் வரிசையாக நின்றன. தலையில் துண்டு கட்டி, கையில் தூக்குவாளியும், மழைக்குப் போர்த்திக்கொள்ள மடித்த பிளாஸ்டிக் தாளுமாகப் பெண்கள் வந்து ஏறிக்கொண்டிருந்தார்கள். தேனி ஜில்லாவிலிருந்து தினந்தோறும் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கியின் ஏலக்காடுகளுக்குப் போய்த் திரும்புகிறவர்கள் இவர்கள். ஆடி, ஆவணியில் தொடங்கித் தை மாதம் வரையில் காய் எடுப்பு. செடியின் அடியில் தரையோடு படரும் சரங்களில் விளைந்த காயை மாத்திரம் பார்த்துப் பறிக்க வேண்டுமாகையால், நாள் முழுதும் குனிந்த முதுகு நிமிராது. எத்தனை பேர் ஏறினார்கள் என்று எண்ணத் தொடங்கினோம். பதினான்குக்கு மேல், எண்ணுவது நமக்கே பயமாயிருந்தபடியால் நிறுத்திவிட்டோம். முன் ஸீட்டில் நமக்கு ஓர் ஓரம் கிடைத்தது.

வண்டிக்காரர் நடுவயதுக்காரர். "இது எங்கப்பா வாங்கினதுங்கய்யா. வயசுல எனக்கு அண்ணன்" என்றார்.

அண்ணனின் ஜாதகத்தை விசாரித்தோம். உலக யுத்தத்தில் அமெரிக்கப் படைக்காக ஆறு லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப்பின் வம்சம். யுத்தம் முடிந்ததும் மஹிந்திராக் கம்பெனியார் அதன் பாகங்களை வரவழைத்துப் பம்பாயில் பூட்டத் தொடங்கினார்கள். 1949-ல் அவர்களுடைய முதல் ஜீப் வெளிவந்தது. பின்னால் இங்கேயே செய்தார்கள். நம் வண்டிக்குப் பிறவியில் பெட்ரோல் எஞ்சின். பெட்ரோல் விலை ஏறியபோது அதை எடுத்துவிட்டு டீஸல் எஞ்சின் வைத்தாயிற்று. மேற்கூடு துருப்பிடித்துப் போனபோது பட்டறையில் தகட்டை வளைத்து நீளமாக வேறு கூடு கட்டியாயிற்று. கியர்ப் பெட்டி மூன்றாவது. இந்த மலைச் சரிவில் ஓடும் கிழட்டு ஜீப்புகளில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி. சேற்றிலும் கல்லிலும் ஏறும். ஊர்ப் பட்டறையிலேயே பழுது பார்த்துவிடலாம். ஏலக்காட்டுக்குள் வேறு எது போகும்?

இந்த இடத்தில் சட்டத்தின் விசித்திரம் நமக்கு விளங்கிற்று. ஐம்பது வருஷம் ஒரே கொட்டகையில் உறங்கிய கார், மூல எஞ்சினோடு இருப்பதால் சரித்திரச் சின்னம் ஆகிறது. ஐம்பது வருஷம் உழைத்த ஜீப், உழைத்ததாலேயே எஞ்சினை இழந்து, கூட்டை இழந்து, சரித்திரத்தையும் இழந்துவிடுகிறது. கட்டணத்தைப் பார்த்தாலோ சம மரியாதைதான். சொந்த உபயோகத்துக்காகப் பதிவான வண்டிக்குப் பதினைந்து வருஷத்துக்குப் பின் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இருபது வயது கடந்த கார், ஜீப்புகளுக்கு அந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 5,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக்கினார்கள். ஆகவே பத்து வருஷத்துக்கு 20,000 ரூபாய்: கண்காட்சி வண்டிக்கும் அதுவே, கிழட்டு ஜீப்புக்கும் அதுவே. வாடகை வண்டியாகப் பதிவு செய்திருந்தால் வருஷந்தோறும் தகுதிச் சான்று வேறு. சொந்த வண்டியென்று பதிந்துவிட்டுக் கூலிக்கு ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம். அதை நாம் வண்டிக்காரரிடம் ஞாபகப்படுத்தவில்லை. அவருக்குத் தெரியாததல்ல.

முந்தலில் மலை தொடங்குகிறது. அங்கிருந்து போடிமெட்டு வரையில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஆயிரம் அடிக்குச் சற்று மேல் இருக்கும் ஊரிலிருந்து நாலாயிரம் அடிக்கு மேல் ஏற வேண்டும். முதல் வளைவிலேயே ஜீப் முனக ஆரம்பித்தது. இரண்டாவது வளைவில் பின்னால் திரும்பிப் பார்த்தோம். வண்டியின் பின்புறம் திறந்த வாசல். குழாயிலிருந்து கறுகறுவென்று கிளம்பிய புகை, வண்டி போகும் வேகத்தில் பின்னுக்குப் போகாமல் சுழன்று அந்த வாசல் வழியாகவே உள்ளே வந்தது. பெண்கள் பேச்சை நிறுத்தாமலே சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டார்கள். கை தானாகச் செய்கிற காரியம் அது.

"உங்களுக்குத் தொந்தரவாக இல்லையா, அம்மா?" என்று கேட்டோம்.

ஒரு மூதாட்டி தலைப்பை விலக்கிவிட்டு, "பொகை பழகிப்போச்சுங்கய்யா. வண்டி நின்னுபோனாத்தான் பழகாது" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

புலியூத்துப் பக்கம் பனி மூட்டம். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. போடிமெட்டில் ஊரைக்காட்டிலும் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. காற்றுக் குறைந்தாலும் பழைய பம்ப் அதே அளவு எண்ணெயைத்தான் பீச்சுகிறது. எரியாத எண்ணெய் கரிப்புகையாகிறது. ஆள் பாரம், ஏற்றம், உயரம் மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பரிசோதனைச் சாலை ஒன்று வேண்டுமானால், இந்தப் பதினேழு வளைவைவிடச் சிறந்தது கிடைக்காது.

ஆனால் சர்க்காருடைய பரிசோதனை இங்கே நடப்பதில்லை. சமதரையில் நின்ற வண்டியில், பாரம் இல்லாமல், எஞ்சினைச் சூடேற்றி, மிதியைச் சட்டென்று முழுவதும் மிதித்து, குழாயில் கருவியை வைத்துப் புகையின் கருமையை அளக்கிறார்கள். பழைய டீஸல் வண்டிக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அளவு வரையில் மன்னிப்பு. பாரத் நாலாம் படித்தர வண்டிக்கு 50. பழைய வண்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு சான்றிதழ். சான்றிதழ் இல்லாவிட்டால் 2019-ம் வருஷத்துத் திருத்தப்படி 10,000 ரூபாய் வரையில் அபராதம் போடலாம். இதில் தேறுவதற்கு ஒரு வழி இருப்பதாகச் சொல்லி வண்டிக்காரர் சிரித்தார். எண்ணெய்ப் பம்பில் ஒரு திருகு இருக்கிறது. பரிசோதனைக்கு முந்தின நாள் அதைக் குறைத்துவிட்டால் புகை அடங்கும். வண்டியின் பலமும் அடங்கும். "அப்படியே வெச்சா மலையில ஒரு வளைவு ஏறாதுங்கய்யா. சீட்டு வாங்கினதும் திருப்பி வெச்சிருவோம்." நம் தேசத்தில் அநேக பரிசோதனைகளுக்கு இந்த மாதிரி ஒரு திருகு உண்டு. அதைப்பற்றி எழுதினால் இந்தப் பத்தி போதாது.

அப்படியானால் ஜீப்புக்கும் விலக்குக் கொடுத்துவிடலாமா? வண்டிக்காரரின் ஆசை அதுதான். "பெரிய மனுசன் காருக்குத் தனி ரூல் போடுறாங்கள்ல, எங்களுக்கும் ஒண்ணு போட்டா என்ன?" என்று கேட்டார். நியாயமான கேள்வி போலத்தான் ஒலிக்கிறது. ஆனாலும் நாம் ஒப்புக்கொள்ள முடியவில்லை. போகவர ஒரு நாளைக்கு முப்பத்து நாலு வளைவு. வருஷத்துக்கு இருநூறு நாள் என்று வைத்துக்கொண்டாலும் 6,800 வளைவு. பழங்காருக்கு விதி தளர்ந்தது அது ஓடாததால். அதன் புகையை முகர்கிறவர் பெரும்பாலும் அதன் சொந்தக்காரரே. ஜீப்புக்கு விதியைத் தளர்த்தினால், அதற்கு விலை கொடுக்கப் போகிறவர் பின் வாசலில் உட்கார்ந்திருக்கும் அந்த மூதாட்டி. அவரை யாரும் கமிட்டி முன் சாட்சி சொல்லக் கூப்பிடப் போவதில்லை.

முன்காலத்தில் இந்த மலைக்குப் பாரம் ஏறி இறங்கியதே வேறு விதம். மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷன் என்ற முனைக்கு வந்து, அங்கிருந்து கம்பிக் கயிற்றில் தொங்கியபடி கீழே கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு போடிக்கு வந்து சேரும். தேயிலைப் பெட்டி ஆகாய மார்க்கமாகச் சௌக்கியமாய் இறங்க வழி செய்தார்கள். தேயிலை பறிக்கிறவர்களுக்கு அப்போது கால்தான் வாகனம். ஜீப் வந்தது அவர்களுக்குப் பெரிய உபகாரம் என்பதை மறுக்க முடியாது. மலையில் குடியேறாமல், குழந்தைகளை ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டு, காலையில் போய் மாலையில் திரும்ப முடிகிறது. நாளைக்கே இந்த வண்டிகளையெல்லாம் பிடித்துக் கொட்டகையில் நிறுத்தினால் காற்றுச் சுத்தமாகும். அத்தனை பெண்களின் கூலியும் நின்றுபோகும். தோட்டக்காரர் வேறு ஊரில் ஆள் தேடிக்கொள்வார்.

சட்டசபை அங்கத்தினர்களுக்குச் செய்வதற்கு வேலை இல்லாமல் இல்லை. விடியற்காலையில் போடியிலிருந்து பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கமும், மாலையில் திரும்பவும், காய் எடுக்கும் மாதங்களிலாவது வேண்டிய அளவு பஸ் விடலாம். எல்லையில் இரண்டு மாகாணச் சர்க்கார்கள் குறுக்கே நிற்கின்றன. அவைதான் உட்கார்ந்து பேச வேண்டும். பெரிய பஸ் போக முடியாத தோட்டப் பாதைக்கு ஜீப் வேண்டும். பழையதை ஒப்படைத்துப் புதியது வாங்குகிற ஏழை வண்டிக்காரருக்கு, ஏலக்காயில் வரி வாங்கும் சர்க்கார் கொஞ்சம் கடன் கொடுத்தால் குடி முழுகிவிடாது. கொண்டுபோய் விடும் வண்டிக்குத் தோட்டக்காரரையும் பொறுப்பாக்க வேண்டும். ஏனெனில் வண்டி ஓடுவது அவருடைய காய்க்காகத்தான். பரிசோதனைக் கருவியை மாதம் ஒரு நாள் மெட்டுக்கே கொண்டுபோய், ஏறி வந்த வண்டியைச் சூடு ஆறுமுன் அளந்து பார்த்தால், திருகு விஷயமும் வெளிப்பட்டுவிடும். இவற்றில் எதுவும் அசாத்தியம் அல்ல. பழங்கார்ச் சங்கத்தாரின் மகஜரைப் படித்துத் தனி விதியே செய்த சர்க்கார் இது. போடியில் மகஜர் எழுதச் சங்கம் இல்லை. எழுத நேரமும் இல்லை. ஐந்து மணிக்கு வண்டி கிளம்பிவிடுகிறது.

அன்று மாலை அதே ஜீப்பில் திரும்பினோம். இறக்கத்தில் புகை அவ்வளவாக இல்லை. பிரேக் காய்ந்த நாற்றம் இருந்தது. ஊருக்கு வந்து சேர விளக்கு வைக்கும் நேரம் ஆயிற்று. பெண்கள் ஒவ்வொருவராக இறங்கி, முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு நடந்தார்கள். மூதாட்டி இறங்கும்போது வண்டிக்காரர் கை கொடுத்தார்.

"காலையில வெரசா வந்துருங்க, அத்தை" என்றார்.

"நீ வண்டியைக் கொண்டாந்து நிப்பாட்டு, வாரேன்" என்றார் அவர்.

எல்லாரும் போனபின் வண்டிக்காரர் மூடியைத் தூக்கி, டார்ச் விளக்கை வாயில் கவ்விக்கொண்டு, எஞ்சினுக்குள் தலையை விட்டார். சான்றிதழ் அந்த வாரத்தோடு முடிகிறதாம். மழை பிடித்துக் காட்டில் வேலை இல்லாத நாளாகப் பார்த்துப் பரிசோதனைக்குப் போகவேண்டும் என்றார். ஸ்பானரை எடுத்துத் திருகின் மேல் வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தார். நட்சத்திரம் தெரிந்தது. மறுபடி ஸ்பானரைப் பையில் போட்டுக்கொண்டார்.